அடியில் சுருண்ட நூல்

மூத்த மருமகள் என்கிற பட்டம் பெரியவளுக்குப் போதவில்லை. முன்னறையில் இருந்த தையல் மெஷினுக்கும் தான்தான் ராணி என்பது அவள் நினைப்பு. நடுவில் பஞ்சு, மேலும் கீழும் துணி என்று வைத்து அவள் தைக்கிற குவில்ட் போர்வைகளுக்கு ஊரில் நல்ல பெயர். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவள் துணி வெட்டுவாள், ஓரம் மடிப்பாள். மெஷினில் உட்கார அவளுக்கு உத்தரவு இல்லை.

ஒருநாள் பெரியவள் குளித்துவிட்டு வந்தபோது சின்னவள் மெஷின் பக்கத்தில் நின்றாள். அடிநூலுக்கான பாபினில் நூல் சுற்ற வந்ததாகச் சொன்னாள். அவ்வளவுதான், பெரியவளின் மனதில் சந்தேகம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அன்று சாயங்காலமே பொறி வைத்தாள். வழக்கமாக வேலை முடிந்ததும் துணியை அமுக்கும் பாதத்தைத் தூக்கித்தான் வைப்பாள். அன்றைக்கு ஒரு துண்டுத் துணியை ஊசிக்கடியில் செருகி, அதன்மேல் பாதத்தை இறக்கிவிட்டுப் போனாள். யாராவது மெஷினைத் தொட்டால் துண்டு நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

காலையில் துண்டு வைத்தது வைத்தபடி இருந்தது. கையில் இருந்தது ஒரு டாக்டரம்மாவின் ஆர்டர், கருநீலமும் சந்தன நிறமும் மாறிமாறி வரும் கட்டங்கள். நூல் நிறம் பார்ப்பதில் பெரியவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு நூல்கண்டிலிருந்தும் ஓர் இழையைப் பிரித்துத் துணிமேல் போட்டுப் பார்த்தாள். கருநீல நூல் சந்தனக் கட்டத்தில் உறுத்தியது. சந்தன நூல் கருநீலத்தில் பல்லை இளித்தது. கடைசியில் சாம்பல் நூல்தான் இரண்டோடும் ஒத்துப்போனது. மேலே அதையே கோத்து, பாபினுக்கும் அதையே போட்டு, ஊசிக்கடியில் தயாராகக் கிடந்த அந்தத் துண்டிலேயே ஓட்டினாள். மேலே தையல் முத்துமுத்தாக இருந்தது. திருப்பினால், அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு கிடந்தது.

மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் திருகைக் கொஞ்சம் இறுக்கினாள். இன்னும் கொஞ்சம். நூல் சட்டையே செய்யவில்லை. யாரோ எதையோ கெடுத்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? துண்டு அசையவே இல்லையே என்று மனசாட்சி கேட்டது. தொட்டுவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்திருக்கிறாள், பலே கைகாரி என்று சொல்லி அதன் வாயை அடைத்தாள்.

பிறகு தினமும் பொறி, தினமும் சுருள். தைத்ததைப் பிரித்துப் பிரித்து டாக்டரம்மாவின் துணி நைந்தது. பெரியவள் புருஷனிடம் ஓதினாள், புருஷன் தம்பியிடம் கேட்டான், பேச்சு தடித்தது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவது நின்றது. தனிக்குடித்தனம் போகிறோம் என்று கொழுந்தன் சொல்லிவிட்டான். பெரியவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

பெட்டிகளை வண்டியில் ஏற்றும் நேரத்தில் சின்னவள் தன் கத்தரிக்கோலை எடுக்க முன்னறைக்கு வந்தாள். பெரியவள் விடவில்லை. போகிற போக்கிலாவது உண்மையைச் சொல், மெஷினை என்ன செய்தாய் என்று கேட்டாள்.

சின்னவளின் முகம் சிவந்தது. மெஷினில் கோத்திருந்த நூலை உருவினாள். பாதத்தைத் தூக்கினாள். அதே நூலை மறுபடி கோத்தாள்.

"இப்ப ஓட்டிப் பாருங்கக்கா."

பெரியவள் ஓட்டினாள். திருப்பினாள். அடிப்பக்கம் மேல்பக்கம் மாதிரியே சுத்தமாக இருந்தது.

"நூல் கோக்கறப்ப பாதம் கீழ இருந்தா, நூலப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் ஒட்டிக்கும். நூல் அதுக்குள்ள போகாம வெளியிலயே ஓடும். அப்புறம் எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. எங்கம்மா வீட்டு மெஷின்ல நானும் இப்படித் திண்டாடியிருக்கேன். நீங்க என்னைக்குத் துண்ட வெச்சுப் பாதத்த எறக்கிட்டுப் போனீங்களோ, அன்னையிலேர்ந்துதான் இந்தச் சுருள்."

அந்தப் பிரித்த தையல்களும், பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியும், வாசலில் நிற்கிற வண்டியும் ஒரேயடியாகப் பெரியவள்மேல் வந்து விழுந்தன.

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா, மெஷினத் தொடாமலே உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருப்பீங்க."

இல்லை என்று சொல்லப் பெரியவள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் அப்போதும் அந்தக் கேள்விதான் இருந்தது.