பாதி அறுந்த கீ

புல்வெட்டி வண்டி மறுபடியும் வெடித்தது. கொட்டகையின் தகரச் சுவர் அதிர்ந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் பிக்கிள் அலறியடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடியது.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு கீத்தின் தொப்பி எட்டிப் பார்த்தது.

"என்னப்பா டேரல், வாத்து சுடுற சீசன் எப்பவோ முடிஞ்சிருச்சே! யாரைச் சுடுற?"

"உன்னைத்தான் கீத். கொஞ்சம் நிமிர்ந்து நில்லு, குறி சரியா வரமாட்டேங்குது."

கீத் சிரித்துக்கொண்டே போய்விட்டார். டேரலுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாட்டின் மறுகோடியில் பில்பரா இரும்புச் சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, கிப்ஸ்லாந்தில் இருக்கும் இந்த வீட்டில் ஒரு வாரம் ஓய்வு என்று பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது அவன் பிழைப்பு. வசந்தகால மழையில் புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. காட்டுத்தீ சீசன் வருவதற்குள் வெட்டியாக வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தான். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினான். ஒவ்வொரு தடவையும் கார்புரேட்டர் வழியே ஒரு தீநாக்கு எட்டிப் பார்க்க, டமார்.

கடைசியாக எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி ஃப்ளைவீல் சக்கரத்தை இழுத்தெடுத்தான். அதைச் சுழல்தண்டோடு பிடித்து வைத்திருக்கும் விரல்நகம் அளவு உலோகத் துண்டு, மெக்கானிக்குகள் 'கீ' என்பார்களே, அது பாதி அறுந்து கோணியிருந்தது. அது நகர்ந்தால் தீப்பொறி தப்பான நேரத்தில் விழும். உள்ளே எரிய வேண்டிய பெட்ரோல் வெளியே வெடிக்கும்.

ஆனால் அது தானாக அறுகிற சாமான் இல்லை. பிளேடு எதிலாவது பலமாக மோதியிருக்க வேண்டும்.

"லின்!" சமையலறை ஜன்னலில் தெரிந்த மனைவியைப் பார்த்துக் கத்தினான். "வண்டியை எதுலயாவது இடிச்சியா?"

"நானா? இல்லையே!"

பதில் ரொம்ப வேகமாக வந்தது.

குனிந்து பிளேடைப் பார்த்தான். முனை மடங்கியிருந்தது. மடிப்பில் வெள்ளைப் பெயின்ட்.

புல்லின் நடுவே ஒரு பட்டை மட்டும் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. லினெட் ஆரம்பித்துவிட்டுச் சலித்துப்போய் நிறுத்தியிருப்பாள் என்றுதான் காலையில் நினைத்திருந்தான். இப்போது அதன் வழியே நடந்தான். பட்டை முடிந்த இடத்தில் ஒரு மரமுளை சிதறிக் கிடந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்த முளை. பக்கத்திலேயே தரையில் அடித்த இரும்புக் கம்பி, தலை நசுங்கி நின்றது.

நிலம் அளப்பவர்கள் அடிக்கும் முளை.

நிமிர்ந்து பார்த்தான். வேலியோரப் புல்லுக்குள் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய இன்னொன்று. எதிர்ப்புறத்தில் மற்றொன்று. மூன்றையும் கண்ணால் கோடிழுத்துப் பார்த்தான். கோட்டுக்கு ஒருபக்கம் வீடு. மறுபக்கம் அவனுடைய கொட்டகை.

நிலம் லினெட்டின் அப்பா அவள் பெயருக்கு எழுதி வைத்தது. அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பின்னால் அவள் வந்து நின்றது தெரிந்தது. கையில் இன்னும் பாத்திரம் துடைக்கும் துணி.

"அளக்க ஆள் வந்தாங்க," என்றாள். "நீ கிளம்பின மறுநாள்."

"எதுக்கு?"

"பிரிக்கத்தான்."

"நிலத்தையா?"

"முதல்ல நிலத்தை."

கொட்டகையில் வெடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. டேரல் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை வருஷம் ஃபோன்லயே குட்நைட் சொல்றது?" அவள் குரல் உயரவில்லை. "புயல்ல கூரைத்தகரம் பறந்தப்போ நான்தான் ஏணியில ஏறினேன். நீ என்ன சொன்ன? 'பார்த்து ஏறு லின்.' அவ்வளவுதான்."

அவன் பார்வை அந்தக் கம்பியின் நசுங்கிய தலையிலேயே நின்றது. கம்பி தரைக்கு மேல் இரண்டு விரற்கடைகூட இல்லை. அவ்வளவு கீழே பிளேடு எப்படி இறங்கும்?

"வெட்டுற உயரத்தை அடிமட்டத்துக்கு யார் இறக்கினது?"

"நான்தான்."

"ரிப்பன் கட்டியிருக்குமே. முளை கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. பார்த்துத்தான் ஏத்தினேன்."

டேரல் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான்.

"கையால பிடுங்கினா குத்தம்னு அளந்தவன் சொல்லிட்டுப் போயிட்டான். புல் வெட்டும்போது இடிபட்டா யார் என்ன கேக்கப் போறாங்க? மூணு தடவை ஏத்தினேன். மூணாவதுலதான் போச்சு."

"ஏன் லின்?"

"நீ பூட்ஸை வாசல்லயே விட்டுட்டுப் போயிட்ட. எடுத்து வைக்கலாம்னு தூக்கினேன். இதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு ஒரு யோசனை வந்துச்சு பாரு..." துணியால் மூக்கைத் துடைத்தாள். "நேரா போய் வண்டியை எடுத்தேன்."

உள்ளங்கையில் இருந்த கீயை டேரல் பார்த்தான். பிளேடைச் சுழற்றும் பெல்ட் தளர்வாக இருந்திருந்தால், மோதும்போது வழுக்கி விட்டுக்கொடுத்திருக்கும். "போன தடவை வந்தப்போ பெல்ட்டை இழுத்து முறுக்கினது நான்தான்," என்று முணுமுணுத்தான். முறுக்காமல் விட்டிருந்தால் கீ தப்பியிருக்கும். வண்டி வெடித்திருக்காது. திங்கட்கிழமை விமானத்தில் ஒன்றும் தெரியாமல் ஏறியிருப்பான்.

பையில் ஃபோனைத் தேடினான்.

"யாருக்கு?"

"சூப்பர்வைசருக்கு. திங்கட்கிழமை என் இடத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லணும்."

"அடுத்த திங்கட்கிழமை?"

"அதுக்கும்தான். இங்க டவுன்லயே டிராக்டர் ரிப்பேர் வேலைக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்காங்கன்னு கீத் நாலு தடவை சொல்லிட்டான்."

லினெட் நம்பாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஆள் பேசி, டேரல் அதே வார்த்தைகளை அந்த ஆளிடமும் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கத்தில் புல்லில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு முளை நிக்குது," என்றான் அவன்.

"அதுக்கு முன்னாடி அந்த பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வை."