முசெம்பி வாங்கிப் போட்ட ஃபியூஸ் பெட்டி

சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கு என்று சொன்னதுகூட முசெம்பிக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. ஓட்டுநர் வேலையில் சாவி இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். டீசல் திருடன் என்றானே, அதுதான் நெஞ்சில் கொள்ளிக்கட்டையாகக் கிடந்தது. அதுவும் மிரிட்டினி லாரி யார்டில், பத்து ஓட்டுநர்கள் பொரித்த மஹம்ரி ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த காலை வேளையில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

சொன்னவன் ம்வாசிரோ, கம்பெனியின் மேற்பார்வையாளன். லாரி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று அவனுடைய ஃபோனுக்குச் சொல்லும் டிராக்கர் ஒன்று ஒவ்வொரு வண்டியிலும் உண்டு. நேற்று வழியில் தாரு என்ற ஊரைத் தாண்டும்போது முசெம்பியின் நீல லாரி அந்தத் திரையிலிருந்து மறைந்துவிட்டது. டிராக்கர் செத்தால் ம்வாசிரோவுக்கு ஒரே அர்த்தம்தான். ஓட்டுநர் அதை அணைத்துவிட்டு ஏதோ ஒரு புதர் மறைவில் டீசலை விற்றிருக்கிறான்.

"தொட்டிக்குள்ள குச்சியை விட்டுப் பாருங்க பாஸ்! ஒரு சொட்டு குறைஞ்சிருந்தா என் தோலை உரிச்சு இந்த கேட்டுல தொங்க விடுங்க!"

"குச்சி எதுக்குடா? உன் வண்டவாளம் எல்லாம் இந்த ஃபோன்லயே தெரியுது. யாரைக் கேட்டு என் லாரியில ஓட்டை போட்டு ஃபியூஸ் பெட்டி மாட்டின? அந்தப் பெட்டியே டிராக்கரை அணைக்கிறதுக்குத்தானே?"

முசெம்பிக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தப் பெட்டி வந்த கதை யார்டில் எல்லாருக்கும் தெரியும்.

லாரி கம்பெனியுடையது. ஆனால் உள்ளே இருக்கும் சுகமெல்லாம் ஓட்டுநருடையது. மின்விசிறி, ஸ்பீக்கர், கெட்டில், வண்டியின் நெற்றியில் கட்டும் வண்ண விளக்கு, கப்பல் போலக் கத்தும் ஹாரன், எல்லாம் அவனவன் சொந்தக் காசில் வாங்கி மாட்டுவது. வண்டியை விட்டு இறங்கும் நாளில் ஸ்க்ரூடிரைவரோடு ஏறி, தன்னுடையதைக் கடைசி திருகுவரை கழற்றிக்கொண்டு போவான். அதை யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் போகிறவன் பொருளைத்தான் எடுப்பான், கம்பியை வெட்டி அப்படியே விட்டுவிடுவான். அடுத்தவன் வந்து அந்த வெட்டிய நுனியிலேயே தன்னுடையதை முறுக்குவான். நீல லாரியில் முசெம்பிக்கு முன்னால் எத்தனை பேர் ஓட்டினார்களோ, அத்தனை பேருடைய கம்பிகளும் இருக்கைக்குப் பின்னால் படுக்கும் கட்டிலுக்கு அடியில் கோழி கிளறிய குப்பையாகக் கிடந்தன. கம்பெனி ஆள் வந்து டிராக்கர் மாட்டியபோதும் நல்லதாக ஒரு வழி தேடவில்லை. அதே குப்பையில் ஃபியூஸ்கூட இல்லாமல் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போய்விட்டான்.

போன மழைக்காலத்தில் ம்டிட்டோ அண்டேய் ஏற்றத்தில் அந்தக் கட்டிலிலிருந்து புகை வந்தது. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் கிளீனர் கலாமா. மூன்று பேத்திகளுக்குத் தாத்தா. போர்வை கருகிக் கணுக்கால் சுட்ட பிறகுதான் விழித்தார். "என்னை மிஷ்காக்கிக் கறி மாதிரி சுடப் பார்த்தியா தம்பி?" என்று அன்றைக்குச் சிரிக்கத்தான் சிரித்தார். அதற்கப்புறம் வழி முழுக்க முன் இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தார். ம்வாசிரோ மட்டும், "உன் கெட்டில்தான் எரிச்சிருக்கும்" என்று ஒரே வரியில் பழியைத் தள்ளிவிட்டான். எல்லாம் ஒரே கம்பியில் தொங்கும்போது எது எரித்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அந்த வாரமே முசெம்பி மாரியாகானியில் ன்ஸிலானியின் கடைக்கு வண்டியை விட்டான். வயரிங் வேலையில் ன்ஸிலானி கெட்டிக்காரி, வாயிலும் அப்படியே. கட்டிலைத் தூக்கிப் பார்த்தவள், "இது வண்டியா, காக்காக் கூடா?" என்றாள். பழைய கம்பிகளையெல்லாம் வாரி வெளியே எறிந்தாள். பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த கம்பியை இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே அதற்கு ஒரு பெரிய ஃபியூஸ் வைத்தாள். அது உள்ளே வந்து சேரும் இடத்தில் ஆறு ஃபியூஸ் உள்ள பெட்டி. விசிறிக்கு ஒன்று, கெட்டிலுக்கு ஒன்று, இப்படி ஆளுக்கொரு ஃபியூஸ். டிராக்கர் மட்டும் கம்பெனி மாட்டிய கம்பியோடேயே மூன்றாவதில் வந்து உட்கார்ந்தது.

"அந்தக் கம்பியை இழுத்துப் புதுசா போட எனக்கு உரிமை இல்ல, கம்பெனி சீல் இருக்கு" என்றாள். "ஒரு ஃபியூஸ் போச்சுன்னா மாத்து. உடனே மறுபடியும் போச்சுன்னா அந்தக் கம்பியில கோளாறுன்னு அர்த்தம். அப்புறம் தொடாதே. உங்க ஆளுங்க மாதிரி செத்த ஃபியூஸ்ல சிகரெட் பெட்டி வெள்ளித் தாளைச் சுத்தி வச்சேன்னா, உன்னை நானே கொளுத்திடுவேன்."

நேற்று தாருவில் அதுதான் நடந்தது. மூன்றாவது ஃபியூஸ் போனது. புதியதை வைத்தான், படக்கென்று அதுவும் போனது. அவள் சொன்னபடியே விட்டுவிட்டு, எங்கும் நிறுத்தாமல் யார்டுக்கு வந்து சேர்ந்தான். வந்ததும் மூன்றாவது ஃபியூஸ் போனதை ம்வாசிரோவிடம் சொன்னான். அதற்குக் கிடைத்த பட்டம்தான் திருடன். நெருப்பு வைத்தவன் நல்லவன், அணைத்தவன் கள்ளன். இதைவிட அநியாயம் வேறென்ன வேண்டும்?

"சாரோ! சாவியை வாங்கிக்கோ. நீல வண்டி இனி உன்னுது" என்றான் ம்வாசிரோ.

சாரோ இளவட்டம். ஃபியூஸ் பெட்டியை முதல்நாள் பார்த்தபோது, "என்ன அண்ணே, வண்டிக்குள்ள மருந்துக்கடை வச்சிட்டீங்க?" என்று யார்டையே சிரிக்க வைத்தவன். இப்போது சிரிக்கவில்லை. சாவியைத் தரையைப் பார்த்தபடி வாங்கினான்.

முசெம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஏறினான். விசிறியைக் கழற்றினான், ஸ்பீக்கரைக் கழற்றினான், கெட்டிலைச் சாக்கில் போட்டான். பிறகு பெட்டிக்கு வந்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போவேன், ஒரு திருகுகூட இவனுக்கு விட மாட்டேன் என்று கறுவினான். மூன்று திருகு கழன்றது. நாலாவது துரு ஏறி இறுகியிருந்தது.

கீழிருந்து ம்வாசிரோ சாரோவிடம் சொல்வது கேட்டது. "மூணாவது ஃபியூஸ் இருந்த இடத்துல ஒரு கம்பித் துண்டை வச்சு நேரா சேர்த்து விடு. டிராக்கர் வேலை செய்யணும், அவ்வளவுதான்."

முசெம்பியின் கை நின்றது. கட்டிலின் பலகையை ஒரே இழுப்பில் தூக்கி எறிந்தான். டிராக்கரின் கம்பி, ன்ஸிலானி கைவைக்காத மூலையில், தகரத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போனது. ஓட்டையைச் சுற்றி ஒரு ரப்பர்கூட இல்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் தகரத்தின் விளிம்பு கம்பியின் தோலை அறுத்துவிட்டிருந்தது. செம்பு வெளியே தெரிந்தது, சுற்றிலும் கரி.

"ஏறி வாடா சாரோ! மருந்துக்கடைன்னு சொன்னியே, வந்து நோயைப் பாரு!" என்று கத்தினான். "போன மழையில கலாமா அண்ணன் காலைச் சுட்டது என் கெட்டில் இல்லடா! இதுதான்! இவங்க மாட்டின கம்பி! இதுல ஃபியூஸ் இல்லாம நேரா சேர்க்கச் சொல்றான் உன் பாஸ். சேரு. சேர்த்துட்டு இந்தக் கட்டில்ல யார் படுக்கப் போறாங்கன்னு சொல்லு!"

சாரோ ஏறி வந்து எட்டிப் பார்த்தான். விரலை வைத்துக் கரியைத் தொட்டான். யார்டில் தேநீர் குடித்தவர்கள் எழுந்து வந்து கதவடியில் நின்றார்கள். கலாமா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சரக்கு இறக்குற மலாபா வரைக்கும் நான் நடந்தே வந்துடறேன்" என்றார். "என்னைச் சுடுறதுன்னா உப்பு, மிளகாயாவது தடவிச் சுடுங்க."

சாரோ கீழே இறங்கி சாவியை பானெட்டின் மேல் வைத்தான்.

"எனக்கு வேணாம் பாஸ்."

"வேலை வேணாமா உனக்கு?"

"வேலை வேணும். இந்தக் கம்பி வேணாம்."

ம்வாசிரோ அடுத்தவனைப் பார்த்தான். அவன் தேநீர் கோப்பைக்குள் பார்த்தான். அதற்கடுத்தவனைப் பார்த்தான். அவனுக்கு திடீரென்று டயரில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. சாவி வெயிலில் பானெட்டின் மேலேயே கிடந்தது. அன்றைக்குச் சரக்கு கிளம்பியாக வேண்டும்.

கடைசியில் ம்வாசிரோ யார் முகத்தையும் பார்க்காமல் முணுமுணுத்தான். "கலாமா, அந்த டீசல் குச்சியை எடு."

கலாமா தொட்டிக்குள் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும்படி கொடி போலத் தூக்கிப் பிடித்தார். எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவும் இருந்தது. ம்வாசிரோ மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றுகூட வாயிலிருந்து வரவில்லை. "கம்பியை மாத்தச் சொல்றேன். வண்டியை நீயே எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அலுவலகத்தைப் பார்த்து நடந்தான்.

திருடன் என்று சொன்னபோது அத்தனை சத்தமாகச் சொன்னவனுக்கு இப்போது தொண்டை எங்கே போனது? முசெம்பிக்கு ஆறவில்லை, ஆறவும் போவதில்லை. கழற்றிய மூன்று திருகையும் மறுபடி அதனதன் இடத்தில் வைத்து முறுக்கினான். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்த முதுகைப் பார்த்து, யார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"பெட்டி என்னுது பாஸ்! நான் இறங்குற அன்னைக்குக் கழட்டிக்கிட்டுத்தான் போவேன்!"