ஆறாவது ஸ்க்ரூவும் அம்சவள்ளியின் கோபமும்

எங்கள் பழைய மோரிஸ் காரின் இடப்பக்கக் கதவு தொங்கிப்போய்ச் சரியாகச் சாத்தாமல் இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அதைக் கொடிக்கயிறு போட்டு உள்பக்கமாகக் கட்டிவைத்தவன் நான்தான். இதைவிட நல்ல முடிச்சு நைனார்பாளையத்தில் எவனும் போட முடியாது என்று பெருமையாகச் சொல்லியும் கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கரியாலூர் போகும் வளைவில் அந்த முடிச்சு அவிழ்ந்து, கதவு வாயைப் பிளந்தது. முன்சீட்டில் இருந்த எங்கள் மகள் தனுஷாவின் சட்டையை என் மனைவி அம்சவள்ளி ஒரு கையால் பிடித்து இழுத்தாள். இன்னொரு கையில் ஸ்டியரிங். பின்சீட்டில் இருந்த நான் "ஐயோ" என்றேன். என் பங்கு அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வீட்டில் அடுப்பை மூட்டாமலே எல்லாம் எரிகிறது.

கார் அம்சவள்ளியுடையது. நிச்சயமான ஜோடிகளைக் கல்வராயன் மலைக்கு ஏற்றிப்போய், அருவிப் பக்கம் காரை நிறுத்திப் படமெடுத்துக்கொள்ள விடுவது அவள் தொழில். ஓட்டுவதும் அவள்தான். எனக்கு உரக்கடை. என் வாய்க்கு ஏற்ற வியாபாரம் என்பாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து டிங்கர் கண்ணாயிரம் வந்து பார்த்தான். கீல் தேய்ந்துவிட்டது, கழற்றி உள்ளே புஷ் என்கிற புது வளையம் போட வேண்டும் என்றான். ஆனால் கீலைக் காரின் கதவுத் தூணோடு பிடித்திருந்த ஆறு ஸ்க்ரூவில் ஒன்றுகூட அசையவில்லை.

"அக்கா, இது வராது. சாயங்காலம் கேஸ் எடுத்தாறேன். அறுத்துடலாம்."

"அறுத்தா தூணு இன்னா ஆவும்?"

"கொஞ்சம் நெளியும்."

"நெளிஞ்சா கதவு ஒக்காருமா?"

கண்ணாயிரம் வானத்தைப் பார்த்தான்.

"ஒக்காராத கதவ வச்சிக்கினு நான் யாரையும் ஏத்த மாட்டேன். தூண அறுத்தா வண்டி காயலான் கடைக்குத்தான்" என்றாள் அம்சவள்ளி. "நீ வர்றதுக்குள்ள நாங்களே கழட்டிடறோம். உன் சாமான வுட்டுட்டுப் போ."

அவன் விட்டுப்போன சாமான் ஒரு குட்டை இரும்புத் தடி. முனையை ஸ்க்ரூத் தலையில் அழுத்திப் பிடித்துப் பின்னால் சுத்தியால் அடித்தால், அடிக்கிற வேகத்தில் முனை கொஞ்சம் திரும்பும். நான் அழுத்தினேன். முனை தலையில் உட்காரவே இல்லை. வழுக்கிக்கொண்டு போய், போகிற வழியில் என் புறங்கைத் தோலையும் எடுத்துக்கொண்டது.

"பள்ளமே இல்லாத ஸ்க்ரூவ எந்தப் புண்ணியவான் போட்டான்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

கோணி ஊசியை எடுத்துக் கிளறினேன். பெயின்ட் உதிர்ந்தது. அதற்கடியில் மஞ்சள், சிவப்பு. அப்புறம் மறுபடி பெயின்ட், மறுபடி மஞ்சள்.

சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்சவள்ளி ஒரு ஸ்க்ரூ விடாமல் காருக்குப் பொட்டு வைப்பாள். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாதென்று, பொங்கலுக்கு அதன் மேலேயே பெயின்ட் அடிக்கச் சொல்வாள். வருஷக்கணக்கில் இறுகிப்போய்க் கிடந்தது பக்தி.

"இது இன்னா?" என்றேன். எனக்கும் ஒரு நாள் வந்ததே என்று குரலில் கொஞ்சம் குஷி.

"சாமிக்கு வச்சது."

"அப்ப சாமியே வந்து கழட்டட்டும்."

சொல்லியிருக்கக் கூடாது.

"யோவ், கொழந்த கீழ வுழ இருந்துச்சிய்யா! உன் கயித்துக்கு என் பொட்டு எவ்ளோ மேல்! இத்தினி நாளு கதவப் புடிச்சிக்கினு இருந்ததே அதுதான்!"

நான் கோணி ஊசியை மறுபடி எடுத்தேன்.

ஆறு தலையையும் சுரண்டினோம். டீசலை விட்டு ஊறவைத்தோம். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தலையில் வைத்துச் சூடேற்றினோம். அவள் பிடிக்க, நான் அடித்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டித்தான் கழற்ற முடிந்தது. ஐந்து வந்துவிட்டன. அடிக்கீலில் இருந்த ஆறாவது மட்டும் அசைய மறுத்தது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

"நேரா அடிய்யா. பாதி அடி காத்துல போவுது."

"எனக்குத் தெரியாதா?" என்று வெறியோடு ஓங்கி நேராகவே அடித்தேன். அவள் கட்டைவிரலில்.

அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சுத்திய குடு. நீ புடி."

"அம்சா, விரலு வீங்கிக்கினு வருது..."

"இன்னொரு கை இருக்குது. புடிய்யா!"

பிடித்தேன். முழு உடம்பையும் அதன் மேல் போட்டு அழுத்தினேன்.

"கயிறு கட்டறான் கயிறு!" டங்.

"நாளிக்கிப் பாத்துக்கலாமாம்!" டங்.

"பின்னால குந்திக்கினு ஐயோங்கறான்!" டங்.

எல்லா அடியும் நடு உச்சியில் விழுந்தது. என் முழங்கை வரை அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோபம் என்று பார்த்தால் எனக்கும்தான் காலையிலிருந்து இருந்தது. அதெல்லாம் வெறும் சத்தம். அவள் கோபத்தில் ஒரு துளிகூட வீணாய்ச் சிந்தவில்லை.

"நான் மட்டும் புடிக்காம வுட்டிருந்தா..." குரல் உடைந்தது. அடி உடையவில்லை. டங்.

உள்ளே கிர்ரக்கென்று ஏதோ முனகியது. முனை இடப்பக்கம் நகர்ந்தது.

"வந்துடிச்சி" என்றேன்.

அவள் மறுபடியும் ஓங்கினாள்.

"அம்சா, வந்துடிச்சி."

சுத்தியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஸ்க்ரூவைத் திருகி எடுத்ததும் கீலோடு சேர்ந்து கதவு என் மார்பில் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து டெம்போவில் சிலிண்டரோடு வந்து இறங்கினான் கண்ணாயிரம்.

"அட, கழட்டிட்டீங்களா! கேஸ் இருந்தா இன்னும் சீக்கிரம்..."

"கேஸு கீஸுன்ன, உன்ன அறுத்துடுவேன்" என்றாள் அம்சவள்ளி. "இங்கியே குந்தி புஷ் போடு. நான் பாக்கணும்."

அவன் மறு பேச்சில்லாமல் உட்கார்ந்து, கதவுப் பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றிக் கீல்களை எடுத்துக்கொண்டான். அம்சவள்ளி வீங்கிய விரலைத் தண்ணீர்ச் சொம்பில் விட்டபடி அவன் எதிரே உட்கார்ந்தாள். கதவு என்னிடமே இருந்தது. கண்ணாடியோடு சேர்த்து அரை மூட்டை யூரியா கனம் இருக்கும். எங்கே வைக்கட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள்.

கதவை இறுக்கி அணைத்துக்கொண்டேன். புஷ் போட்டு முடிகிறவரை பிடித்துக்கொண்டே நின்றேன்.