ஒரே ஓலை

ரத்தப் பரிசோதனையில் எந்த எண் ஏறினாலும் நல்லதுதான் என்று நினைத்திருந்தவள் ஜெயராணி. மகள் டெய்சி வயிற்றில் இருந்தபோது நர்சம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். டி-டைமர் அந்த ரகமில்லை. கணையத்தில் புற்று வந்தவர்களுக்கு ரத்தம் உள்ளேயே கட்டிப்போகுமாம். அதைக் காட்டிக்கொடுக்கிற எண்ணாம் அது. அவள் கணவர் பிலவேந்திரனுக்கு முதலில் வீங்கியது இடது கால். ரத்தம் கட்டாமலிருக்க தினமும் அவர் வயிற்றில் ஊசி போடுவது அவள்தான்.

இந்த முறை, ஊசி போட்டும் எண் இரண்டு மடங்காகியிருந்தது. பிலவேந்திரனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பாண்டிச்சேரி டாக்டர் தாயையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, ஸ்கேனும் அதையேதான் சொல்கிறது, நோய் வேகம் பிடித்துவிட்டது என்றார். ஈஸ்டருக்குப் பிறகு டெய்சிக்குக் கல்யாணம் என்றதும், அவ்வளவு தூரம் தள்ள வேண்டாம் என்றார். ஜெயராணிக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கனத்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்து, "நம்பரு கொறஞ்சிருக்குதாம்" என்றாள். டெய்சியும் தலையாட்டினாள். அந்த மனிதர் செஞ்சி பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினார். கோட்டை மலை தெரிந்ததும்தான் எழுப்பினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் முடிப்பதென்றால், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க நாளில்லை. டெய்சியே பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். பிஷப்பிடம் அனுமதி வாங்கி, ஒரே ஓலையோடு முடிக்கலாம் என்றார் அவர். பிறகென்றால் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது என்று பிலவேந்திரனிடம் கதை கட்டினார்கள். அந்தக் கோவிலில் வருடக்கணக்காக உபதேசியாராக இருந்து ஓலை வாசித்தவரே அவர்தான் என்பது இரண்டு பேருக்கும் மறந்தே போயிற்று.

ஞாயிறு பூசையில், "இதுவே முதலும் கடைசியுமான ஓலை" என்று வாசித்தார்கள். பிலவேந்திரன் ஆண்கள் பக்கம் தலை குனிந்தபடி இருந்தார். பூசை முடிந்து, வாசலில் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டே பேசினார்.

"லீவு இல்லன்னுலாம் பிஷப்பு ஓலைய விட்டுத் தரமாட்டாரு, ராணி. சாவக் கெடக்குறவன் இருக்குற வூட்டுக்குத்தான் தருவாரு. நானே வாசிச்சிருக்கன். அந்த நம்பரு ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். சற்றுத் தள்ளி, வாழ்த்த வந்த பெண்களுக்கு நடுவில் டெய்சி சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். "பீடத்தாண்ட சந்தோசமா நிக்கட்டும்."

இத்தனை நாள் மரத்துக் கிடந்த நெஞ்சு ஜெயராணிக்கு அப்போதுதான் வலித்தது.

"அவளுக்குத் தெரியாதுங்க" என்றாள்.