பெல் அடித்தால்தான்

‘இன்னைக்காவது இந்த மனுஷன் ஒரு டம்ளர் தண்ணி குடிப்பாரா?’

ராஜப்பாவின் தலைமாட்டில் தண்ணீர் நேற்று வைத்தபடியே இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். படுக்கையிலேயே பெட்பேன் வைப்பார்களே என்ற கூச்சத்தில் தண்ணீரையே விட்டுவிட்டார். சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சலும் வந்துவிட்டது. நர்ஸ் ஐடாவுக்கு அது தன்னுடைய தோல்வியாகவே உறுத்தியது.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் பெங்களூர் கம்பெனி ஒன்று, சக்கரம் வைத்த கழிப்பறை நாற்காலிகளை இனாமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. மாதிரிக்கு இரண்டு வந்திருந்தன. எது வேண்டும் என்பதை ஐடா முடிவு செய்ய வேண்டும். அவள் இரண்டையும் ராஜப்பாவின் கட்டிலருகே தள்ளி வந்தாள்.

“தாத்தா, நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

அந்தச் சுரங்கத்தில் பெல்மேனாக இருந்தவர் அவர். ஆட்களை ஷாஃப்ட் என்ற ஆழக் குழிக்குள் இறக்கும் கேஜ் கூண்டு, அவர் மணி அடித்தால்தான் நகரும். பளபளவென்றிருந்த நாற்காலியை ஒரு விரலால் தள்ளினார். எதிர்க்கட்டில்வரை ஓடியது.

“இன்னாம்மா இது, பிரேக் இல்லாத கேஜு! ஏறுனா நேரா ஷாஃப்ட் அடியில போய்தான் நிப்பேன்.”

மற்றது, சக்கரத்தைப் பூட்டியதும் அசையவில்லை. கைப்பிடியை மடக்கினால் கட்டிலிலிருந்து நகர்ந்தே உட்காரலாம்.

“இதான். ஆனா கதவ சாத்திக்குவேன். நான் தட்டுனாதான் நீ தொறக்கணும்.”

“பெல் அடிக்காம தொறக்க மாட்டேன் தாத்தா.”

அவர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டார். சற்று நேரத்தில் அவரை நாற்காலியோடு உள்ளே விட்டுவிட்டு, கழிப்பறைக்கு வெளியே காவல் நின்ற ஐடா, நர்சிங் முடித்த அன்றுகூட இப்படி நிமிர்ந்து நின்றதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் வால்டர் வேகமாக வந்தார். பின்னால் கம்பெனிக்காரர்கள், பேனர், கேமரா.

“சிஸ்டர், அவர அந்த நாற்காலியோட வார்டு நடுவுல கொண்டாங்க. ஒரே ஒரு போட்டோ.”

“உள்ள இருக்கார் சார்.”

“தொறங்க சீக்கிரம். போட்டோ இல்லன்னா இந்த நாற்காலியையும் வண்டியில ஏத்திடுவாங்க. அப்புறம் யாரு வாங்கித் தருவாங்க, சொல்லுங்க?”

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, நின்றது. கதவு தட்டப்படவில்லை. ராஜப்பாவின் காதிலும் எல்லாம் விழுந்திருக்கும்.

“சிஸ்டர்!”

“இன்னும் பெல் அடிக்கல சார்.”

ஐடா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பேனரைப் பிரித்துப் பிடித்திருந்த இருவரும் கை வலித்துத் தாழ்த்தினார்கள். வாசலில் கம்பெனி வண்டி நின்றது. வேண்டாமென்ற பளபள நாற்காலி அதில் ஏறியிருந்தது. பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டு, பின்கதவு திறந்தே கிடந்தது.