நூறு ரூபாய் வெட்டு

வியாழக்கிழமை காலைப் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில், கூந்தல் தைல விளம்பரத்துக்கு மேலே, என் அக்காவின் வேலை போகப்போகிற செய்தி வந்திருந்தது. அவள் பெயர் அதில் இல்லை. டில்லி சட்டசபையில் உணவு இலாகாவின் மானியக் கோரிக்கை மறுநாள் பிற்பகல் வருகிறது என்றும், அடையாறு அரிசி ஆலோசனை நிலையத்துக்கு இந்தியா செலுத்தும் பங்கின் மீது சென்னை மெம்பர் ஒருவர் நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறார் என்றும் போட்டிருந்தது. காரணம்: "ஆறு பேர் வேலை செய்யும் நிலையத்தில் பதின்மூன்று தேக்கு நாற்காலிகள் வாங்கிய ஊதாரித்தனம்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் பதின்மூன்று நாற்காலிகளையும் செய்தவன் நான்.

எனக்குத் தச்சுவேலை தெரியாது. கல்லூரிப் பத்திரிகையில் செய்தேன். ஆசியாவில் அரிசி ஏன் கிடைக்கவில்லை என்று யோசிப்பதற்காகப் பதினோரு நாடுகள் சேர்ந்து அடையாற்றில் ஒரு பங்களா பிடித்திருந்தன. நம் சர்க்காரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. கையெழுத்தை யார் வேண்டுமானாலும் வெளிநாட்டில் போய்ப் போடலாம். பணப்பெட்டியை மட்டும் வருஷா வருஷம் சட்டசபைதான் திறக்க வேண்டும். அந்தப் பங்களாவில் டோரதி அக்கா டைப்பிஸ்ட். மாதம் நூறு ரூபாய். இரண்டு வருஷமாகத் தற்காலிகம்.

ஒருநாள் சாப்பிடும்போது, "எங்க ஆபீஸ்ல ஆறு பேருக்கு அஞ்சு நாற்காலிதான். ப்யூன் காதர் சாம்பிள் அரிசிப் பெட்டி மேல உட்கார்ந்திருக்கான்" என்றாள். ஐந்து நாற்காலிக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நான் அதைப் பதின்மூன்று ஆக்கினேன். ஆறு பேர் உட்கார்ந்தது போக மீதி ஏழு, வரப்போகிற அரிசி மூட்டைகளுக்கு என்று எழுதினேன். கல்லூரி ஆண்டுவிழாவுக்குத் தலைமை வகித்த மெம்பருக்கு ஒரு மாலையும் ஒரு பத்திரிகையும் கொடுத்தார்கள். மாலையை அவர் சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே விட்டிருக்கலாம். பத்திரிகையைக் கையோடு கொண்டுபோனார். டில்லிக்கு ரயிலில் இரண்டு ராத்திரி; படிக்க வேறொன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அன்று மாலை அக்கா சாந்தோம் வீட்டுக்குத் திரும்பியபோது செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்தாள்.

"இன்னிக்கு ஒரு ஆர்டர் டைப் அடிச்சேன்" என்றாள்.

"என்ன ஆர்டர்?" என்றார் அப்பா.

"என்னை வேலையிலிருந்து நீக்குற ஆர்டர்."

டைரக்டர் பாங்காக்குக்குச் சுற்றுப்பயணம் போயிருந்தார். ஹெட்கிளார்க் கணேசமூர்த்தியிடம் ஆபீஸ் இருந்தது. அவர் பத்திரிகையை மேஜையில் விரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாராம். "டில்லியிலே நூறு ரூபாய் வெட்டறான். டைரக்டர் காரை வெட்ட முடியுமோ? என்னைத்தான் வெட்ட முடியுமோ? இந்த ஆபீஸ்ல கரெக்டா நூறு ரூபாய்க்கு யார் இருக்கா, பார்த்துண்டு வா." பார்த்துவர அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஆபீஸில் டைப் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே அவளையே உட்காரவைத்து உத்தரவைச் சொன்னார். தேதியை மட்டும் விட்டுவிடச் சொன்னார். சனிக்கிழமை பத்திரிகையைப் பார்த்துப் போட்டுக்கொள்வாராம்.

"ஒரு எழுத்துக்கூடத் தப்பா அடிக்கலை" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

அப்பா இக்னேஷியஸ், முப்பது வருஷம் பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நூறிலே நூறு போனா மீதி ஒண்ணுமில்லை. கணேசமூர்த்தி கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்பா, அது சம்பிரதாயம்" என்றேன். "கோடி கோடியா கேக்குறப்போ, நூறு ரூபாய் குறைச்சுக் கொடுன்னு ஒருத்தர் எழுந்து நிப்பாரு. சர்க்காருக்கு எதிரா ஒரு குறையைச் சொல்லணும்னா அதான் வழி. சர்க்கார் பதில் சொல்லும். இவர் வாபஸ் வாங்கிக்கிட்டு உட்கார்ந்துடுவாரு. ஒரு காசு குறையாது."

"போன மாசம் ரேஷன்ல ரெட்டை சர்க்கரை போடுறான்னு சொல்லி என்னை மந்தைவெளி வரைக்கும் நடக்கவெச்சவன்தானேடா நீ?"

நான் உண்மை சொன்ன நாட்கள் குறைவு. அதிலும் ஒன்று வீணாயிற்று.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். தூத்துக்குடி கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் டைப்ரைட்டிங் டீச்சர் வேலை. அறுபது ரூபாய், நிரந்தரம்; மடத்திலேயே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் என்று தந்தி வராவிட்டால் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நாளைக்குத் தந்தி கொடுத்துடப்போறேன். அப்பாவை நீதான் பார்த்துக்கணும், மர்சலின்" என்றாள்.

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்குமே பயமாக இருந்தது.

ராத்திரி படுத்தபின் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. வெட்டு வாபஸ் ஆகிவிடும், நாற்காலி ஆகாது. சபையில் அந்தப் பேச்சு வந்துவிட்டால் விசாரிப்பதாகச் சர்க்கார் சொல்லும். விசாரணை அடையாற்றுக்கு வரும். ஆபீஸ் விஷயம் வெளியே எப்படிப் போயிற்று என்று கேட்பார்கள். கட்டுரை எழுதியவனுக்கு ஓர் அக்கா இருப்பதைக் கண்டுபிடிக்க ஸ்காட்லாந்து யார்ட் தேவையில்லை.

காலையில் சைக்கிள் டைனமோவைக் கழற்றி விற்ற காசோடு கச்சேரி ரோடு தந்தி ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் முருகையன் இருந்தார். அவருக்குக் காது மந்தம். அதனால் எந்தத் தந்தியையும் தமக்குக் கேட்கிற அளவுக்கு உரக்கப் படிப்பார்.

"இன்னா நைனா இது?" என்று நான் எழுதிக் கொடுத்த தந்திப் பாரத்தைத் தூக்கிப் பிடித்தார். "'நாற்காலிகள் பொய். முழுக்க என் கற்பனை. சபையில் சொல்லவேண்டாம். மன்னிக்கவும். கட்டுரையாசிரியன்.' நாற்காலி பொய்ன்னா இன்னா அர்த்தம்? உட்கார்ந்தா உடஞ்சிடுமா?"

"நீங்க வார்த்தையை மட்டும் எண்ணுங்க."

"டில்லி சட்டசபைக்கா! அங்க எத்தினி பேரு உட்கார்ந்துகினு கீறான், நீ நாற்காலி பொய்யின்றே?"

"அதை இன்னொரு தரம் படிங்க" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

முருகையன் சந்தோஷமாக இன்னொரு தரம் படித்தார். நான் திரும்பவில்லை. திரும்பாமலே, அக்கா கையில் தூத்துக்குடி பாரத்தோடு நிற்பது தெரிந்தது.

"பதின்மூணும் நீயா?"

"நான்தான்க்கா."

"அஞ்சுன்னுதானே சொன்னேன்?"

"அஞ்சுல சிரிப்பு வரலை."

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால்.

"நூறு ரூபாய் சம்பிரதாயம்னியே, அதுவும் நீ எழுதினதா?"

"இல்லைக்கா. அது அவங்க எழுதினது."

"சத்தியம் பண்ணாதே, உன் சத்தியத்தை வெச்சு ஒண்ணும் வாங்க முடியாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நாற்காலியை எடுத்துட்டா அந்த மெம்பர் எதைப் பேசுவாரு?"

"பேச ஒண்ணுமே இருக்காது. நோட்டீஸ் கொடுத்துட்டு சும்மா உட்கார்ந்தா மானம் போயிடும். அதனால தந்தியைக் கிழிச்சுப் போட்டுட்டு நாற்காலியையே பேசினாலும் பேசுவாரு."

இதை நான் அப்போதுதான் யோசித்தேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"அப்போ அவருக்கு ஒரு குறை வேணும்" என்றாள் அக்கா மெதுவாக.

என் பாரத்தை முருகையன் கையிலிருந்து வாங்கி மறுபுறம் திருப்பினாள். கவுண்டர் பென்சிலை எடுத்து, நடுவில் ஒருமுறைகூட நிறுத்தாமல் எழுதினாள்: 'பதின்மூன்று கற்பனை. ஆறு பேருக்கு ஐந்து நாற்காலியே உண்மை. இந்தியச் சிப்பந்திகள் அனைவரும் இரண்டு வருஷமாகத் தற்காலிகம். இதைக் கேளுங்கள்.' அவள் எழுதுவதைப் பார்த்தபோது, வீட்டில் நகைச்சுவை எழுதத் தெரியாதவள் எவ்வளவு அபாயமானவள் என்று தோன்றியது.

"எக்ஸ்பிரஸ்ல போகணும். ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேருமா?"

"லைன் நல்லா கீதுன்னா சேரும்மா" என்று முருகையன் எண்ணி, தொகையைச் சொன்னார். என் டைனமோ அதில் பாதிக்குத்தான் வந்தது.

அக்கா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். தூத்துக்குடித் தந்திக்கு என்று எண்ணி வைத்திருந்த காசு. அதைச் சேர்த்தால் டில்லிக்குச் சரியாக இருந்தது. இரண்டுக்கும் போதவில்லை.

"அக்கா, நான் ஓடிப்போய் யார்கிட்டயாவது..."

"யாரு உன்னை நம்பிக் கொடுப்பாங்க?"

கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து. முருகையன் ஒரு கையை டில்லி பாரத்தின் மேலும் மறு கையைத் தூத்துக்குடி பாரத்தின் மேலும் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, எதை அடிக்கிறது?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஆள் இருமினார். அக்காவின் கை காசின் மேலேயே இருந்தது. அவள் உதடு அசைந்தது. ஜெபமா, கணக்கா, தெரியவில்லை. எனக்கு ஒரு கேலிவார்த்தைகூடத் தோன்றவில்லை. அப்படி ஒரு நிமிஷத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"டில்லி" என்று காசைத் தள்ளினாள்.

தூத்துக்குடி பாரத்தை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். நாங்கள் வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் லஸ் மாதா கோவில் பன்னிரண்டு மணி அடித்தது. அவள் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அரைநாள் லீவு முடிந்துவிட்டது என்று அடையாறு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மாலையில் மந்தைவெளி கரீமுல்லாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் செய்தி கேட்டேன். உணவு இலாகா மானியம் நிறைவேறியது என்றது ரேடியோ. அரிசி நிலையத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்தது கோதுமை. "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க, பாய்" என்றேன். கரீமுல்லா என்னைப் பார்த்த பார்வையில், ரிப்பேர் தேவைப்படுவது எதற்கு என்று தெரிந்தது.

சனிக்கிழமை காலை பத்திரிகைக்காரனைத் தெருமுனையிலேயே மடக்கினேன். அக்காவிடம் கொடுத்தேன். பிரிக்காமல் அப்பாவிடம் நீட்டினாள். அப்பா தேடித் தேடி ஆறாம் பக்கத்தில் கண்டுபிடித்து வாசித்தார்:

"வெட்டுத் தீர்மானத்தைப் பிரேரேபித்த மெம்பர், சர்வதேச ஒப்பந்தப்படி நாம் தவறாமல் பணம் கட்டுகிறோம்; அந்தப் பணத்தில் நடக்கும் நிலையத்தில் இந்தியச் சிப்பந்திகளுக்கு உட்கார நாற்காலியும் இல்லை, உத்தியோகத்துக்கு நிச்சயமும் இல்லை என்றார். ஆரவாரம். இது கவனிக்கப்படும் என்று சர்க்கார் தரப்பில் வாக்களிக்கப்பட்டது. சபையின் அனுமதியுடன் தீர்மானம் வாபஸ் பெறப்பட்டது. மானியம் முழுமையாக நிறைவேறியது."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நூறு?"

"அப்படியே இருக்குப்பா."

"பின்னே எதுக்குடா வெட்டினான்?"

அக்கா பத்திரிகையை வாங்கி, தானே ஒருமுறை வாசித்தாள். கவனிக்கப்படும் என்ற சொல்லுக்கு டில்லியில் எவ்வளவு ஆயுள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"நான் சைக்கிள்ல ஆபீஸுக்குக் கொண்டுபோய் விடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலத்துக்கு முன்னால் டபுள்ஸ் பிடிக்கும் போலீஸ்காரர் நின்றதால், இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

பங்களா கேட்டிலேயே கணேசமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலும் ஆறாம் பக்கம்.

"வாங்கோ, வாங்கோ, டோரதி" என்றார். நேற்று வரைக்கும் அது 'வா'. "மெம்பர் நம்ம ஆபீஸை நேர்ல பார்த்த மாதிரின்னா பேசியிருக்கார்! உங்காத்துக்குத் தெரிஞ்சவரோ?"

"தெரிஞ்சவர்னு சொல்ல முடியாது சார்" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "தந்திப் போக்குவரத்து உண்டு."

எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி முகம் எனக்கு ஒருவனுக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கணேசமூர்த்தி பத்திரிகையை இன்னும் சிறிதாக மடித்தார். "அந்த ஆர்டர் டிராயர்லயே இருக்கு. தேதிகூடப் போடலை. கார்பன் காப்பி எல்லாத்தையும் கிழிச்சுடட்டுமா?"

"ஒரிஜினலையும் சேர்த்துக் கிழிங்க சார்" என்று சொல்லிவிட்டு, அக்கா அவருக்கு முன்னால் படியேறினாள்.