ஒற்றைக் கை கேட்

எங்கள் ரயில்வே கேட்டுக்கு ஒரு கைதான். தண்டவாளத்துக்குக் கிழக்கே ரயில்வே தன் பங்குக்குத் தடுப்புக் கம்பம் போட்டுவிட்டது. மேற்கே நகராட்சி போட வேண்டும். அது மாநில அரசைக் கைகாட்ட, மாநில அரசு இன்னும் மேலே கைகாட்டியது.

அதற்காகத் திறப்பு விழா நிற்குமா? மேற்கே கம்பத்துக்குப் பதில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். அதன் செலவை மட்டும் மூன்று தரப்பும் தகராறில்லாமல் பகிர்ந்துகொண்டன. அமைச்சர் வந்து, "மக்கள் உயிரே எங்கள் உயிர்" என்று முழங்கினார்.

பிள்ளைகளோடு காத்திருந்த பள்ளி வேன் டிரைவர் ரயில்வே என்ஜினியரைப் பிடித்தார். "நாளைக்கு இந்தப் பக்கம் யாரு சார் எங்களை நிறுத்துவாங்க?"

"இது எங்க பங்கு இல்லப்பா."

"ரயிலு பங்கு பாத்துத்தான் இடிக்குமா சார்?"

ரிப்பனை வெட்டிய அமைச்சர், முதல் ஆளாகக் கடக்கக் காரில் ஏறினார். அப்போதுதான் ரயில் ஊதியது. கிழக்கே கம்பம் இறங்கியது. மேற்கே கார் நகர்ந்தது. வேன் டிரைவர் பாய்ந்து, வெட்டிய ரிப்பனின் நுனிகளை இழுத்து முடிச்சுப் போட்டார். கார் குலுங்கி நின்றது. ரயில் தடதடவென்று போனது.

என்ஜினியர் ஓடிவந்தார். "யோவ், அமைச்சர் வெட்டின ரிப்பன்யா அது! அவுத்து விடு!"

"நாளைக்கு ரயிலு வராதுன்னு எழுதிக் குடுங்க சார், அவுத்துடறேன்."